தரை இல்லாத பிக்கப்

அந்தப் பிக்கப் எங்கள் வீட்டுக்கு வந்தபோது அதற்குத் தரை இல்லை. ஓட்டுபவர் கால் வைக்கும் இடத்தைத் துரு தின்றுவிட்டிருந்தது. குனிந்து பார்த்தால் காம்பவுண்டுப் புல் தெரியும். மகன் அதைப் பெருமையாகவே காட்டினான்.

"பாரும்மா, காத்து எப்படி வருதுன்னு. ஏர்கோன் தேவையில்ல."

பக்கத்தில் நின்ற அவன் நண்பன், "மழ பேஞ்சா காலும் கழுவிக்கலாம் ஆண்ட்டி" என்றான்.

இரண்டு பேரும் ஒருவர் முதுகில் ஒருவர் அடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இதில் ஏறி இந்தப் பிள்ளைகள் எங்கே போகப் போகிறார்கள், பிரேக் பிடிக்குமா, போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் அப்படிப்பட்டவள். பிள்ளை சைக்கிள் பழகிய காலத்தில், அவன் நன்றாக ஓட்டத் தெரிந்துகொண்ட பிறகும், கையை நீட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடியவள்.

தீவையும் அக்கரையையும் இணைக்கும் பாலம் திறந்து சில வருடங்கள் ஆகியிருந்த காலம் அது. கணவர் இறந்து வெகுநாளாகிவிட்டது. நான் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் கிளார்க். மாலையில் வீட்டில் ரவிக்கை தைத்துக் கொடுப்பேன். மகன் படிப்பை முடித்துவிட்டு அக்கரையில் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பு வேலைக்குப் போய்வந்தான். நண்பனும் அங்கேதான் வேலை. அவனுக்கு வீடு சிம்பாங் அம்பாட். நிபோங் திபாலுக்கு அருகே ஓர் எஸ்டேட்டில், ரப்பர்ப் பால் வாளிகள் ஏற்றிச் சென்று ஓய்ந்துபோன இந்தப் பழைய பிரிட்டிஷ் பிக்கப்பை இருவரும் சேர்ந்து வாங்கி, லோரியில் ஏற்றிப் பாலம் கடந்து கொண்டுவந்தார்கள். நண்பனின் வீடு வரிசை வீடு, நிறுத்த இடம் கிடையாது. எங்களுக்குத் தெருவை ஒட்டிக் கொஞ்சம் காம்பவுண்டு இருந்தது. அதனால் அது எங்களிடம் வந்து சேர்ந்தது.

பிள்ளைகளைவிட அதற்கு வயது அதிகம். உருண்டையான மூக்கு, இரண்டு வட்ட விளக்குகள், பின்னால் பலகை போட்ட சாமான் தட்டு. தட்டின் பின்கதவு எப்போதோ கழன்று தொலைந்திருந்தது. செய்த கம்பெனி அந்த மாதிரி வண்டியை நிறுத்திப் பல காலம். ஒரு சாமானும் கடையில் கிடைக்காது. ஒன்று, எங்காவது இன்னொரு வண்டி செத்துக் கிடந்தால் அதிலிருந்து கழற்ற வேண்டும். இல்லையென்றால் செய்துகொள்ள வேண்டும். அவர்களுக்கு அதுதான் விளையாட்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டு வாசலில் இரண்டு ஜோடிக் கால்கள் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஒரு நாள் வேலை முடிந்து இருவரும் நண்பனின் மோட்டார்சைக்கிளில் நிபோங் திபாலுக்குக் கிளம்பினார்கள். அங்கே ஒருவரிடம் இதே வண்டியின் பின்கதவு ஒன்று கிடக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தார்கள். நண்பன் ஓட்டினான், என் மகன் பின்னால். மழை. சிம்பாங் அம்பாட் சந்திப்பில் ஒரு லோரி குறுக்கே திரும்பியிருக்கிறது.

அலுவலகத்துக்குப் போன் வந்தது. போனை எடுத்தவர் என் முகத்தைப் பார்க்காமல் ரிசீவரை நீட்டினார். அதற்கு மேல் அந்த நாளைப் பற்றி எழுத என்னால் இன்றும் முடியவில்லை. என் மகனுக்குக் கால் முறிந்தது. நண்பன் அந்த இடத்திலேயே போய்விட்டான்.

துக்க வீட்டுக்கு நான் மட்டும் போனேன். மகன் ஆஸ்பத்திரியில் இருந்தான். அந்தப் பிள்ளையின் தாய் என்னைத் திட்டுவாள், அழுவாள் என்று எதிர்பார்த்துப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க புள்ள இருக்கான்லக்கா" என்றாள். கேள்வியா, ஆறுதலா என்று தெரியவில்லை. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

*

கால் கூடிவிட்டது. மாவுக்கட்டைப் பிரித்துவிட்டு, நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மகன் நடக்கவில்லை. அறையை விட்டு வெளியே வரவில்லை என்று சொல்வதுதான் சரி. குளிப்பான், சாப்பிடுவான், திரும்பவும் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். கேட்டால் "ம்" என்பான். பார்க்க வந்த சினேகிதர்கள் கொஞ்ச நாளில் வருவதை நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஹாலில் உட்கார்ந்து என்னோடு மைலோ குடித்துவிட்டுப் போவதற்கு எத்தனை தடவை வருவார்கள்?

அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் போடுவேன். எடுப்பான். பேச மாட்டான். நான், "சாப்பாடு மேசையில மூடி வெச்சிருக்கேன்" என்று ஏதாவது சொல்வேன். வைத்துவிடுவான். எடுத்தான் என்பது போதும் எனக்கு. எடுக்கும்வரை அந்த மணி அங்கே ஹாலில் அடிப்பது இங்கே என் நெஞ்சுக்குள் அடிக்கும். பக்கத்து மேசைக்காரிக்குத் தெரியக்கூடாதென்று டைப்ரைட்டரில் தாளைச் செருகியபடி நிற்பேன்.

அவன் அறை ஜன்னல் காம்பவுண்டைப் பார்த்தது. ஜன்னலுக்கு நேரே, தார்ப்பாய் போர்த்திய பிக்கப். தார்ப்பாயில் மழைநீர் தேங்கிக் கொசு பிடித்தது. அதை எங்காவது தள்ளிவிட்டால் அவன் தேறுவான் என்று எனக்குத் தோன்றியது. பழைய இரும்பும் பேப்பரும் வாங்கும் சீனக் கிழவர் வேனில் ஸ்பீக்கர் வைத்துக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருவார். ஒரு சனிக்கிழமை கேட்டைத் திறந்து அவரைக் கூப்பிட்டேன். அவர் வந்து தார்ப்பாயின் ஒரு மூலையைத் தூக்கினார்.

ஜன்னலுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. "அதத் தொடாத!"

எத்தனையோ நாளைக்குப் பிறகு அவன் வாயிலிருந்து வந்த முழு வாக்கியம். கிழவர் பயந்து கையை விட்டார். என்னைப் பார்த்து, தலைக்குப் பக்கத்தில் விரலைச் சுற்றிக் காட்டிவிட்டு வேனில் ஏறிப் போனார். நான் அங்கேயே நின்றேன். எனக்குக் கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. அவனுக்குள் எங்கேயோ இன்னும் ஒன்று கிடக்கிறது, அது இந்தத் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிறது என்பது மட்டும் புரிந்தது.

அன்று மாலை தார்ப்பாயை நானே இறக்கினேன். கதவைத் திறந்து அந்த ஓட்டையைப் பார்த்தேன். ஓரங்கள் டீயில் தோய்த்த பிஸ்கட் மாதிரி இருந்தன. விரலால் தொட்டதும் இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. எனக்கு எஞ்சின் தெரியாது, பிரேக் தெரியாது. ஆனால் ஓட்டையைத் தெரியும். ஓட்டை இருந்தால் ஒட்டுப் போட வேண்டும். அவ்வளவுதானே என்று நினைத்தேன்.

*

சுங்கை பினாங் பக்கம், நசுங்கிய கார்களைத் தட்டி நிமிர்த்தும் பட்டறை ஒன்று இருந்தது. தவுக்கே, அதாவது பட்டறை முதலாளி, எஸ்டேட் ஓரத்தில் வளர்ந்த சீனர். தமிழ் பேசுவார், இலக்கணம் பார்க்க மாட்டார். அலுவலகம் விட்டு, சேலையோடும் கைப்பையோடும் போய் நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரு கெரேத்தா, யாரு வண்டி?"

"என் பிள்ளையோட பிக்கப். கீழ தரை போயிடுச்சு."

"புள்ள எங்க?"

"வீட்டுல."

"புள்ள வீட்டுல, அம்மா பட்டறையில. நல்லா இருக்கு லா. வண்டி கொண்டா."

"ஓடாது தவுக்கே."

"லோரில கட்டி இழு."

"வேணாம். அது அங்கயே இருக்கணும்."

ஏன் என்று கேட்டார். ஜன்னலிலிருந்து அவன் பார்ப்பதற்கு அது ஒன்றுதான் இருக்கிறது என்று ஓர் அந்நியரிடம் எப்படிச் சொல்வது? அவர் தலையைச் சொறிந்தார். வந்து அளவெடுங்கள் என்றேன். கடையை யார் பார்ப்பது என்றார். கடையில் அவரும் ஒரு பூனையும்தான் இருந்தார்கள், அந்தப் பூனையும் தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீ காகிதம் வெட்டு. ஓட்டை எப்படியோ, காகிதம் அப்படி. காகிதம் எப்படியோ, நான் தகடு அப்படி வெட்டறேன். ஓகே?"

காகிதம் வெட்டுவது எனக்குக் கைவந்த வேலை. பழுப்புத் தாளும், கோடு போடும் சாக்குக்கட்டியும், கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு மறுநாள் மாலை பிக்கப்புக்குள் ஏறினேன். துணியில் குண்டூசி குத்தலாம், இரும்பில் எங்கே குத்துவது? கல்லை வைத்துத் தாளை அழுத்திக்கொண்டு, முழங்காலில் நின்று, தலை ஸ்டியரிங்கில் இடிக்க, ஓரம் ஓரமாகக் கோடு இழுத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, பிக்கப்புக்கு ரவிக்கை தைக்கிறீங்களா?"

"ஆமா. கை வெச்சதா, கை இல்லாததான்னு யோசிக்கிறேன்."

அவள் சிரித்தபடி உள்ளே போனாள். எனக்கு அவளோடு இன்னும் கொஞ்சம் பேச வேண்டும் போல இருந்தது. ஆனால் அவள் வீட்டில் எல்லோரும் சாப்பிட வரும் நேரம். தட்டுகள் வைக்கும் சத்தம் கேட்டது. நான் தாளை வெட்டினேன். ஜன்னல் திரை அசையவில்லை.

தகட்டை வாங்கப் போன அன்று பஸ்ஸில் ஏற்ற மாட்டேன் என்றார் கண்டக்டர். "இது பஸ்ஸா, லோரியாக்கா? யாரு கால்லயாவது வெட்டிச்சுன்னா நீங்களா வருவீங்க?" அவர் சொன்னது நியாயம். செய்தித்தாளைச் சுற்றி, தகட்டைக் கைக்குக் கை மாற்றிக்கொண்டு பேராக் ரோடு வழியாக நடந்தேன். தாள் கிழிந்து ஓரம் விரலில் இறங்கியது. எதிரே அலுவலகத்தில் தெரிந்தவர்கள் இரண்டு பேர் காரில் போனார்கள். பார்த்தார்கள், நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் என்ன சொல்லியிருப்பேன்? என் மகனுக்கு ஒரு தரை கொண்டுபோகிறேன் என்றா?

வீட்டுக்கு வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தகட்டை ஓட்டைக்குள் வைத்தேன். உட்காரவில்லை. திருப்பி வைத்தேன். ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் தூக்கியது. காலால் மிதித்தேன். அது ஒரு பெரிய தட்டு விழுந்தது போலச் சத்தம் போட்டது. கல்லால் தட்டினேன். வியர்வையும் விரலில் வடிந்த ரத்தமும் சேர்ந்து தகடு வழுக்கியது. எல்லாப் பக்கமும் கொஞ்சம், ஒரே மாதிரி, பெரிதாக இருந்தது. தவுக்கே தப்பாக வெட்டிவிட்டார் என்று வாய்க்குள் திட்டினேன்.

"அம்மா."

ஜன்னல் திறந்திருந்தது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"அம்மா, தையலுக்கு விட்டியா?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு தாளை எடுத்துத் தகட்டின் மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் சரியாக இருந்தன. தவுக்கே மேல் பிழை இல்லை. ரவிக்கைக்கு வெட்டும்போது தைத்து மடிக்கச் சுற்றிலும் அரை இஞ்சு விட்டு வெட்டுவேன். அதை யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். இரும்புக்கும் விட்டிருக்கிறது.

"அரை இஞ்சு" என்றேன்.

அவன் சிரித்தான். நெற்றியைக் கம்பியில் வைத்துக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தான். "இரும்புக்குத் தையல் விடுறாங்க எங்கம்மா" என்றான், யாருக்கோ சொல்வது போல. யாருக்குச் சொல்கிறான் என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்துவிட்டது போல. சிரிப்பு வேறு மாதிரி ஆனது. நான் உள்ளே ஓடவில்லை. ஓட வேண்டும் என்று கால் பரபரத்தது. பிக்கப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அழுகைக்கு நான் தேவையில்லை என்று எப்படியோ தோன்றியது.

வெகுநேரம் கழித்து வாசல் கதவு திறந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தான். வெயில் படாமல் வெளுத்திருந்தான். தகட்டைத் திருப்பிப் பார்த்தான்.

"கொண்டா. அந்த அரை இஞ்ச கீழ மடிச்சிட்டா மூடி மாதிரி உக்காரும். சுத்தி இருக்கிற நல்ல இரும்போட சேத்து வெல்டிங் வெச்சா இன்னும் ஸ்ட்ரோங்."

வடிகாலின் சிமெண்டு விளிம்பில் தகட்டை வைத்து, மரக்கட்டையைக் கொடுத்து, ஓரத்தைத் தட்டித் தட்டி மடித்தான். நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். ஒவ்வொரு அடிக்கும் என் கை அதிர்ந்தது. மடித்து முடித்து ஓட்டையில் வைத்தபோது அது "டக்" என்று உட்கார்ந்தது. அவன் அதன் மேல் ஏறி நின்றான்.

வெல்டிங் செய்ய, கெஞ்சிக் கேட்டதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை தவுக்கே சிலிண்டரோடு வந்தார். மடிப்பைப் பார்த்துவிட்டு, "நான்தான் சொன்னேன், கொஞ்சம் கூட விடுன்னு" என்றார். அவர் சொல்லவே இல்லை. நான் மறுக்கவும் இல்லை.

*

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது என்று சொல்ல ஆசை. அப்படி நடக்கவில்லை. சில நாள் அவன் எழுந்து வருவான். சில நாள் கதவு சாத்தியே இருக்கும். ஆனால் கதவு சாத்திய நாள்கள் குறைந்தன. வண்டிக் கதவுகளின் அடிப்பகுதிக்குத் தாள் வெட்டினோம். இந்தத் தடவை மடிப்புக்கு எவ்வளவு விட வேண்டும் என்று அவன் சொல்லி நான் வெட்டினேன். கண்ணாடி ஏற்றி இறக்கும் கைப்பிடியை ஒரு கம்பியை வளைத்துச் செய்து, முனையில் என் பழைய அலமாரியின் மரக்குமிழைத் திருகினான். பெடல் ரப்பர் தேய்ந்த டயரிலிருந்து வந்தது. ரேடியேட்டரைத் தாங்கும் சட்டத்தை, யாரோ தூக்கிப்போட்ட கட்டிலின் இரும்பில் வெட்டினான். சாமான் தட்டுக்குப் படகுத் துறைப் பக்கம் கழித்துப் போட்ட, செங்கால் என்ற கெட்டி மரத்தின் பலகை கிடைத்தது.

இருக்கையை நான் தைத்தேன். கெட்டியான ரெக்சின். ஊசிகள் ஒடிந்துகொண்டே இருந்தன. மெஷினைக் கையால் சுற்றி, தையல் தையலாக ஓட்டினேன். அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஹாலில் நான் தைக்க, வெளியே அவன் தட்டும் சத்தம் கேட்கும். தட்டும் சத்தம் கேட்கும்வரை அவன் இருக்கிறான்.

பிறகு அந்தச் சத்தமும் இடம் மாறியது. சின்னச் சின்ன வேலைக்கெல்லாம் பட்டறைக்குப் போக ஆரம்பித்தான். தவுக்கேயின் கருவிகள் அங்கே இருந்தன. பகல் முழுவதும் அங்கேயே இருந்து அவருக்கும் கை கொடுத்தான். நான் அலுவலகத்திலிருந்து போன் போட்டால் இப்போது யாரும் எடுக்கவில்லை. எடுக்கவில்லை என்றால் நல்ல செய்தி என்று எனக்கே நான் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்தது. அதைப் பழக முடியவில்லை. மாலையில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். தெருமுனையில் அவன் தலை தெரிந்ததும் உள்ளே ஓடி அடுப்படியில் வேலையாக இருப்பது போல நிற்பேன். முன்பு மூடிய அறை ஒன்று என்னோடு வீட்டில் இருந்தது. இப்போது அதுவும் திறந்து காலியாகக் கிடந்தது.

கடைசியாகப் பின்கதவு மிச்சம். நிபோங் திபாலில் பார்க்கப் போன அந்தக் கதவு அங்கேயே கிடக்கிறது என்று தவுக்கே விசாரித்துச் சொன்னார். மகன் கேட்டுக்கொண்டான். மறுநாள் ஒரு புதுத் தகட்டை எடுத்துத் தானே அடிக்கத் தொடங்கினான். தகட்டின் குறுக்கே மூன்று வரி எழும்பி நிற்க வேண்டும். இல்லையென்றால் தளர்ந்து ஆடும். ஒரு குழாயைக் கீழே வைத்து, சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாக வரியை எழுப்பினான். ஒரு வரி கோணலானது. அந்தத் தகட்டை ஒதுக்கிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினான். தவுக்கே புட்டிப் பசை வைத்துத் தேய்த்துவிடலாம், யாருக்குத் தெரியும் என்றார். "எனக்குத் தெரியுமே தவுக்கே" என்றானாம். தவுக்கே என்னிடம் அதைச் சொல்லி, "உன் புள்ள கிறுக்கு லா அக்கா" என்றார், கொஞ்சம் சந்தோஷமாக.

பழைய பின்கதவுகளில் கம்பெனிப் பெயர் பதிந்திருக்கும். அதையும் வைக்கலாமே என்று நான் கேட்டேன்.

"வேணாம்மா. வெறுந்தகடாவே இருக்கட்டும்."

*

எஞ்சினும் ஒருவழியாகச் சரியாகி வண்டி ஓடத் தொடங்கியதும் கோயிலில் பூஜை போட்டுவிட்டுத்தான் ரோட்டில் இறக்க வேண்டும் என்றேன். அவன், "மொதல்ல அங்க போயிட்டு வந்துடணும்மா" என்றான். எங்கே என்று நான் கேட்கவில்லை. நானும் வருகிறேன் என்று ஏறிக்கொண்டேன்.

பாலத்தில் காற்று வண்டியை அசைத்தது. நான் கதவின் பிடியை விடவில்லை. சந்திப்பைச் சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவான் என்று நினைத்தேன். போகவில்லை. அதே சந்திப்பில் சிவப்பு விளக்கில் நின்று, பச்சை விழுந்ததும் மெதுவாகத் திரும்பினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கடைகளும் சின்ன வீடுகளும் வந்துவிட்டன.

அந்தத் தாய் வாசலில் உரலைக் கழுவிக்கொண்டிருந்தாள். காலையில் சந்தையில் தோசையும் வடையும் விற்பவள். வண்டியைப் பார்த்ததும் நிமிர்ந்தாள். கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தாள். பின்பக்கம் வந்ததும் நின்று, அந்தக் கதவின் மேல் கையை வைத்தாள்.

"இதுக்குத்தான் போனீங்களா?"

"ஆமாம்மா. இது அது இல்ல. நான் செஞ்சது."

அவள் விரல்கள் மூன்று வரியிலும் ஏறி இறங்கின. திடீரென்று அவள் அவனைப் பார்த்து, "டேய், எவ்ளோ எளைச்சிட்ட. சாப்டியா?" என்றாள். அவன் அவள் காலடியில் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் அவன் தலையைப் பிடித்துத் தன் இடுப்போடு சாய்த்துக்கொண்டாள். என் பிள்ளை என்னிடம் அப்படிச் சாய்ந்து வருடங்கள் ஆகியிருந்தன. நான் வண்டியிலிருந்து இறங்காமல், நானே தைத்த இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் விடியும் முன்பே கிளம்பிப் போனான். அவளுடைய அடுப்பு, மாவுப் பானை, பெஞ்சு எல்லாவற்றையும் சந்தைக்கு ஏற்றி இறக்குவதற்காக. முன்பு வாடகை வேனில் கொண்டுபோனாளாம். அவள் வீட்டுக்காரர் மகன் போன பிறகு யாரோடும் பேசாமல் இருந்தவர், பிக்கப்பில் ஏறிக்கொண்டு, "கிளட்ச் இழுக்குது பாரு" என்று குறை சொல்ல ஆரம்பித்தார் என்று மகன் சொன்னான். அவன் என்னிடம் சொன்ன நல்ல செய்திகள் எல்லாம் அந்த வீட்டிலிருந்தே வந்தன.

தொழிற்சாலையில் அவனைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். தினமும் காலையும் மாலையும் அந்த வண்டியில் பாலத்தைத் தாண்டினான். எனக்குப் பழைய பயம் முழுவதுமாகத் திரும்பி வந்தது. மழை பிடித்தால் அலுவலக ஜன்னலோரம் போய் நிற்பேன். ரேடியோவில் சாலைச் செய்தி வந்தால் அணைப்பேன், பிறகு அணைத்துவிட்டோமே என்று மறுபடியும் போடுவேன். அவன் வந்துசேரும்வரை தைக்கவும் முடியாது, சாப்பிடவும் முடியாது. "ஏம்மா இப்படி நிக்கிற, நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்பான். சின்னப் பிள்ளை இல்லை என்பதுதான் எனக்குப் பயம்.

ஒரு ஞாயிறு அவள் என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். போனேன். ஆண்கள் இருவரும் வெளியே வண்டியின் முன்மூடியைத் தூக்கிவைத்து விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அடுப்படியில் நானும் அவளும் மட்டும். அவள் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"அக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"இங்கேருந்து பெக்டரி கிட்டக்க. அந்த ரூம்பு சும்மாதான் கெடக்கு. பாலத்துல தெனம் போயி வர்றான். காத்துல, மழையில. எனக்குப் பயமா இருக்குக்கா. அவன் இங்க தங்கிக்கட்டுமே. சனிக்கெழம ஒங்ககிட்ட வரட்டும்."

எண்ணெய் தெறித்தது. அவள் கையை உதறிக்கொண்டாள்.

அவள் என் பிள்ளையைக் கேட்கிறாள் என்று ஒரு கணம் நெஞ்சு கொதித்தது. அவளுக்கு ஒரு பிள்ளை போனதற்கு நான் ஒரு பிள்ளையைத் தர வேண்டுமா என்று, வெட்கமில்லாமல், மனதுக்குள் கேட்டேன். ஆனால் அவள் சொன்ன வார்த்தைகள் என்னுடைய வார்த்தைகள். காற்று, மழை, பாலம். ஒவ்வொரு மாலையும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நான் எண்ணியவை. இங்கே இருந்தால் அவன் அந்தத் தூரத்தைத் தினமும் தாண்ட வேண்டியதில்லை. அவனைப் பார்க்காமல் இருப்பதா, அவனை நினைத்துப் பயந்துகொண்டு இருப்பதா என்றால், என்னிடம் ஒரு பதில்தான் இருந்தது.

"அவனக் கேட்டியா?"

"கேட்டேன். அம்மா தனியா இருக்கும், அம்மாவக் கேக்கணும்னான்."

"இருக்கட்டும்" என்றேன். "அவனுக்கு ராத்திரி இருமல் வரும். வெந்நீர் கொடு."

அவள் கரண்டியை வைத்துவிட்டு என் தோளில் கை வைத்தாள். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டேன்.

அன்றிரவு முதலே அவன் அங்கே தங்குவது என்று சாப்பிடும்போது முடிவானது. சாப்பிட்டு முடித்ததும் மகன் சாவியை எடுத்தான். "வாம்மா, வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வர்றேன்."

"வேணாம். நான் பஸ்ஸில பட்டர்வொர்த் போயி பெரி பிடிச்சிக்கிறேன்."

"ஏன்? ஒரு மணி நேரம் கூட ஆகாது."

"பெரில போயி ரொம்ப நாளாச்சு. கடல் பாக்கணும் போல இருக்கு."

அவன் நம்பவில்லை. என்னைக் கொண்டுபோய் விட்டால், போக ஒரு தடவை, வர ஒரு தடவை அவன் பாலத்தைத் தாண்ட வேண்டியிருக்கும். அதை அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பான். பஸ் நிற்கும் இடம்வரை மட்டும் வண்டியில் வந்தேன். பஸ் வந்ததும் அவன் இறங்கி வந்து என் பையை ஏற்றிக் கொடுத்தான். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தேன். இண்டிகேட்டர் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு அந்த வீட்டுப் பக்கம் போனான். சரியாகத்தான் ஓட்டினான்.

பெரிப் படகில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஓர் ஓரத்தில் இடம் கிடைத்தது. தெற்கே தூரத்தில் பாலம் ஒரு கோடு போலத் தெரிந்தது. அதன் மேல் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அதில் எதுவும் என் மகனுடையது இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கரை வரும்வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன்.